கேட்க மறுத்தவரும் கேட்கப்படாதவரும்

மௌலானா அபுல் கலாம் ஆசாத் என்றதும் நம் மாணவிகளுக்கு நினைவுக்கு வருவது நவம்பர் 11. தேசியக் கல்வி நாள். அன்று ஒரு பேச்சுப் போட்டி, ஒரு சான்றிதழ், ‘சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர்’ என்று மனப்பாடம் செய்த ஒரு வரி. அத்தோடு முடிந்தது. அமைச்சர் என்ற சொல் அவரைச் சாதுவாக்கிவிடுகிறது. பிரிட்டிஷ் அரசு இரண்டு உலகப் போர்களிலும் அவரை அடைத்து வைத்தது என்பதை அந்த வரி சொல்வதில்லை. முதல் போரில் பத்திரிகைக்காரர், இரண்டாம் போரில் காங்கிரஸ் கட்சியின் தலைவர். ஒரு மார்க்க அறிஞர் போர்க்காலத்தில் தேசத் தலைமைக்கு வந்த கதை அது. நான் எழுத வந்தது அந்தக் கதைக்குள் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்ணைப் பற்றி.

கதையின் வெளிப்பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1888இல் மக்காவில் பிறந்தவர். தந்தை மௌலானா கைருத்தீன், கல்கத்தாவில் ஏராளமான சீடர்களைக் கொண்ட பீர். மகன் அந்தப் பீடத்தில் உட்கார்ந்திருந்தால் ஆயுள் முழுக்கக் கையை முத்தமிட ஆட்கள் இருந்திருப்பார்கள். அவரோ பரம்பரையாக வந்த நம்பிக்கைகளிலிருந்து விடுபட்டவன் என்று காட்ட ‘ஆசாத்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். ஷியாம் சுந்தர் சக்ரவர்த்தி வழியாக வங்கத்துத் தலைமறைவுப் புரட்சியாளர்களோடு தொடர்பு கொண்டார். 1912 ஜூலையில் ‘அல்-ஹிலால்’ என்ற உருது வார இதழைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுக்குள் வாரம் 26,000 பிரதிகள் போனதாக அவரே சொல்கிறார். முதல் உலகப் போர் மூண்டது, இதழ் நின்றது, அச்சகம் பறிபோனது. ‘அல்-பலாக்’ என்று மறுபடி தொடங்கினார். 1916இல் வங்கத்தை விட்டே வெளியேற்றப்பட்டு, ராஞ்சியில் 1919 கடைசிவரை காவலில் இருந்தார். 1923இல், 35 வயதை எட்டும் முன்பே, தில்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1940 மார்ச்சில் ராம்கர் மாநாட்டில் மறுபடி தலைவர். ஓராண்டுப் பதவி அது. போரும் சிறையும் குறுக்கிட்டதால் 1946 வரை நீண்டது. கிரிப்ஸ் வந்தபோது எதிரே உட்கார்ந்து பேசியவர் அவர்தான். ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியபோது மேடையில் தலைவராக இருந்தவரும் அவர்தான்.

மார்க்க அறிஞரின் தேசத் தலைமை என்றதும் இன்று பலருக்கும் ஈரான் ஞாபகத்துக்கு வரும். அங்கே 1979 புரட்சி நடந்த சில வாரங்களிலேயே, மார்ச் 8 அன்று, தெஹ்ரான் பெண்கள் கட்டாய முக்காட்டுக்கு எதிராகத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த எட்டாண்டுப் போர் மதகுருக்களின் பிடியை இறுக்கியது. ஆசாத்தை அந்த வரிசையில் வைக்க முடியாது. 1921 வாக்கில் அவரை ‘இமாமுல் ஹிந்த்’ ஆக்கும் பேச்சு உலமாக்களிடையே எழுந்தது. அவருக்கும் அதில் ஆசை இருந்தது. அது கைகூடவில்லை. அதன்பின் அவர் நடந்த பாதை ஓட்டு, கமிட்டி, தீர்மானம் என்ற பாதை. பெண்களின் உடைக்கும் நடைக்கும் சட்டம் போடும் அதிகாரம் அவர் கைக்கு வரவும் இல்லை, அவர் அதைத் தேடவும் இல்லை. ஆகவே அவரைப் பெண்ணியமாக வாசிப்பது கொஞ்சம் சிரமம். கொடுங்கோலரை விமர்சிப்பது எளிது. நல்லவரை, நம் பக்கத்தவரை விமர்சிக்கத்தான் கூர்மையான கண் வேண்டும்.

சங்கரன்கோவிலில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் படிக்கிறோம். கல்லூரி மாணவிகள், விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழி, கடையநல்லூரிலிருந்து பேருந்தில் வரும் ஓர் ஆசிரியை. இந்த ஆண்டு ஆசாத்தின் இரண்டு நூல்களை ஆங்கிலத்தின் வழியாகப் படித்தோம். ஒன்று, ஹுமாயூன் கபீரிடம் உருதுவில் சொல்லி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’. ஆசாத் 1958 பிப்ரவரியில் மறைந்த பின், 1959இல் வெளிவந்தது. மற்றது ‘குபாரே காத்திர்’. அகமதுநகர் கோட்டைச் சிறையிலிருந்து நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு எழுதி, அனுப்ப வழியில்லாமல் சேர்த்து வைத்த கடிதங்கள். 1946இல் நூலானது. முதல் நூல் தலைவருடைய குரல். இரண்டாவது, விடியுமுன் எழுந்து தானே தேநீர் போட்டுக் குடித்துவிட்டு எழுத உட்காரும் ஒரு தனியாளின் குரல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் நூலின் தொடக்கத்தில் குடும்ப வரலாறு வருகிறது. தந்தை மக்காவில் வீடு கட்டினார், மதீனாவின் பேரறிஞர் ஷேக் முகமது ஜாஹிர் வத்ரியின் மகளை மணந்தார். ‘வத்ரியின் மகள்’ என்பதோடு சரி, பெயர் இல்லை. கல்கத்தாவுக்கு வந்த ஓராண்டுக்குள் தாய் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாக ஒரு வாக்கியம். அதே பகுதியில் இன்னொரு பெண்ணின் பெயர் இருக்கிறது. மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சுபைதா கால்வாய் பழுதுபட்டபோது அதைச் செப்பனிட ஆசாத்தின் தந்தை 20 லட்சம் ரூபாய் திரட்டினாராம். அந்தக் கால்வாயை வெட்டுவித்தவர் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி சுபைதா. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசிக்குப் பெயர் உண்டு, பெற்ற தாய்க்கு இல்லை. இது ஆசாத் ஒருவரின் குறை என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தாக்களின் சுயசரிதைகளை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பழைய டைரியிலும் பாட்டி ‘வீட்டில்’ என்றுதான் இருக்கிறாள். ‘வீட்டில் உடம்பு சரியில்லை.’ வீட்டுக்குத்தான் காய்ச்சல் போல.

மனைவியும் தன்வரலாற்றில் ‘என் மனைவி’யாகவே வருகிறார். அவர் பெயர் சுலைகா. தந்தையின் சீடர் ஒருவருடைய மகள். நூலில் அவர் நுழைவது நோயாளியாக. 1941இல் ஆசாத் நைனி சிறையில் இருந்தபோது உடல்நிலை மோசமானது. மருத்துவர்கள் இடமாற்றம் சொன்னதால் ராஞ்சிக்குப் போய் 1942 ஜூலையில்தான் திரும்பினார். ஆகஸ்ட் முதல் வாரம் கணவர் பம்பாய் மாநாட்டுக்குக் கிளம்பினார். 9ஆம் தேதி விடியற்காலையில் தலைவர்கள் எல்லோரையும் கைது செய்தார்கள். 1943 ஏப்ரல் 9 அன்று கல்கத்தாவில் சுலைகா இறந்தார். மூன்று மாதத்தில் போபாலில் இருந்த சகோதரி அப்ரூ பேகமும் இறந்தார். போர், கிரிப்ஸ், வைஸ்ராய் என்று ஓடும் நூலில் இது சில பத்திகள். தன்னைத் தற்காலிகமாகக் கல்கத்தா சிறைக்கு மாற்றியிருந்தால் மனைவியைக் கடைசியாகப் பார்த்திருக்கலாமே என்று வைஸ்ராய்க்கு எழுதியதாகவும், அதற்குப் பதிலே வரவில்லை என்றும் அதில் சொல்கிறார். படிப்பவருக்கு எஞ்சுவது அரசின் கல்மனம். அது உண்மைதான்.

‘குபாரே காத்திர்’ நூலில் 1943 ஏப்ரல் 11 தேதியிட்ட கடிதம் இன்னொன்றைச் சொல்கிறது. நோய் முற்றிய செய்தி வந்ததும் சிறைக் கண்காணிப்பாளர் ஆசாத்திடம் வந்தார். நீங்கள் ஏதாவது கோரிக்கை எழுதித் தந்தால் உடனே பம்பாய்க்கு அனுப்புகிறேன் என்றார். அரசிடம் எதையும் கேட்க விருப்பமில்லை என்று ஆசாத் சொல்லிவிட்டார். கண்காணிப்பாளர் ஜவஹர்லாலிடம் போய்ச் சொன்னார். நேரு வந்து நெடுநேரம் பேசிப் பார்த்தார். அவருக்கும் அதே பதில். கண்காணிப்பாளர் பம்பாய் அரசின் குறிப்பின் பேரில்தான் வந்து கேட்டார் என்பது பின்னால் தெரிந்தது என்று எழுதுகிறார். ஆக, கதவு முழுக்க அடைத்திருக்கவில்லை. ஒரு விண்ணப்பத்தின் அகலத்துக்குத் திறந்திருந்தது. அதற்குள் குனிந்து போக அவர் மறுத்தார்.

அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. செய்தித்தாள் வரும் நேரத்தை அவர் விவரிக்கிறார். ஒவ்வொரு நாளும் அது வரும் காலடியோசை கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் எழுந்து போய் வாங்கமாட்டார். எழுதிக்கொண்டே இருப்பார், அவசரமே இல்லாதவர்போலப் பிறகு எடுத்துப் பார்ப்பார். சாப்பாட்டு நேரம் மாறவில்லை, சகஜமான பேச்சு மாறவில்லை. பிறகு அவரே ஒப்புக்கொள்கிறார்: இது எல்லாமே வெளித்தோற்றத்தின் கர்வம் நடத்திய நாடகம், உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்தேன், வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதே கவலையாக இருந்தது என்று. தலைவர்களின் மன உறுதியைப் போற்றும் நூல்கள் நம்மிடம் நூறு இருக்கும். அந்த உறுதியை நடிப்பு என்று சம்பந்தப்பட்டவரே எழுதிவைத்தது அபூர்வம். ஆண்மை என்பது கூடப் படித்த, பழக்கப்பட்ட ஒரு பாத்திரம் என்று நாம் கோட்பாட்டு நூல்களில் வாசிக்கிறோம். மாணவிகளுக்குச் சொல்வேன், அதற்கு இந்தக் கடிதத்தைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம். பார்வையாளர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். சக சிறைவாசிகள், கண்காணிப்பாளர், பம்பாய் அரசு. எல்லோரும் ஆண்கள். யாருக்காக அந்தத் தவிப்போ, அவர் பார்வையாளர் வரிசையில் இல்லை.

எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தில்தான் சண்டை வந்தது. கடையநல்லூர்த் தோழிதான் முதலில் கேட்டார்: “கேட்டா கொறைஞ்சா போயிருவாஹ? ஒரு காயிதம் எழுதினா என்ன?” அவர் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். லீவு கேட்டேன், முதலாளி தரவில்லை என்பது ஒரு துக்கம். கேட்கவே இல்லை என்று பின்னால் தெரியவந்தால் அது வேறு துக்கம் என்றார். உடனே எங்கள் மாணவி ஒருத்தி மறித்தாள். அவள் வரலாறு படிப்பவள். அந்த 1943ஐ நினைத்துப் பாருங்கள் அக்கா என்றாள். பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை காந்தி ஆகா கான் மாளிகையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார். அப்போதே அரசு அசையவில்லை. அதற்கு அடுத்த மாதம் காங்கிரஸ் தலைவரே கருணை மனு எழுதினால் அதை எப்படிப் பயன்படுத்தியிருப்பார்கள்? அதுவும் முஸ்லிம் தலைவர். ஜின்னா ஏற்கெனவே 1940இல் அவரைக் காங்கிரஸ் காட்சிக்கு வைத்த பொம்மை என்று ஏளனம் செய்து தந்தி அடித்திருந்தார்.

அவள் சொன்னது நியாயம். மனு எழுதாததற்காக ஆசாத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. சாகக் கிடக்கும் பெண்ணைப் பார்க்கக் கணவனை விடாத அரசு, அதற்கும் ஒரு விண்ணப்பத்தை விலையாகக் கேட்ட அரசு, முதல் குற்றவாளி. அதை எந்தப் பெண்ணிய வாசிப்பும் மங்கலாக்கக் கூடாது. என் கேள்வி வேறு. ‘கேட்கமாட்டேன்’ என்ற முடிவு இரண்டு பேருடைய கடைசிச் சந்திப்பைப் பற்றிய முடிவு. அதை எடுத்தவர் ஒருவர். மற்றவரிடம் யாரும் கேட்கவில்லை. நேருவிடம் பேச முடிந்தது, கண்காணிப்பாளரிடம் பேச முடிந்தது. சுலைகாவின் சம்மதமோ மறுப்போ அந்தக் கடிதத்தில் ஒரு கேள்வியாகக்கூட எழவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கணவர் யோசித்துப் பார்த்ததாகக்கூட ஒரு வரி இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தபசு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் கோமதி அம்மன் தபசு மண்டபத்துக்குப் போய் நிற்கிறாள். சிவனும் விஷ்ணுவும் ஒன்றே என்று காட்டு என்பது அவள் கேட்டது. சங்கரநாராயணராக வந்து காட்டினார்கள். பெண்ணின் காத்திருப்பைப் புனிதமாக்குகிற கதைகள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு, இதன்மேலும்தான். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். கோமதியின் தபசு கேட்கிற தபசு. ஒற்றைக் காலில் நிற்பது கௌரவத்துக்காக அல்ல, ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்காக. கேட்டதால் அவள் சிறுத்துப்போகவில்லை. அகமதுநகரில் நடந்தது கேட்காத தபசு. கேட்பது பெண்ணுக்கு இயல்பு, கேட்காமலிருப்பது ஆணுக்கு மரியாதை என்று நாம் பிரித்து வைத்திருப்பதன் இரண்டு ஓரங்கள் இவை. சுலைகா இந்த இரண்டிலும் இல்லை. அவர் கேட்டு நின்றதாகவும் தெரியாது, மறுத்து நின்றதாகவும் தெரியாது. படுக்கையில் இருந்தார், அவ்வளவுதான் நமக்குக் கிடைப்பது.

அவருக்குச் சொந்தமாக ஒரு குரலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1921 டிசம்பரில் ஆசாத் கைதாகி, 1922 பிப்ரவரியில் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். நீதிமன்றத்தில் அவர் தந்த வாக்குமூலம் ‘கௌலே ஃபைசல்’ என்ற பெயரில் புகழ்பெற்றது. விடுதலைப் போரின் பெரிய உரைகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்வார்கள். தீர்ப்பு வந்தபோது இன்னொரு உரையும் எழுதப்பட்டது, மிகச் சிறியது. சுலைகா பேகம் காந்திக்கு எழுதினார், காந்தி அதை ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார். அதில் அழுகை இல்லை. ஓராண்டுதான் கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் எதிர்பார்த்துத் தயாராக இருந்ததைவிட இது மிகக் குறைவு, தேச சேவைக்குப் பரிசு சிறைதான் என்றால் இவருக்கு அநீதி செய்துவிட்டார்கள் என்கிற தொனி. இந்தக் கிண்டலைக் கவனியுங்கள். ராஞ்சிக் காவலின்போதே தனக்கு முதல் சோதனை முடிந்துவிட்டது, இரண்டாவதையும் தாங்குவேன் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் சிறை போனதால் வங்கத்தில் காலியாகும் பணியைத் தானே ஏற்று நடத்த முன்வருவதாகச் சொல்கிறார். கிலாபத் கமிட்டியின் வேலை அது. பர்தாவுக்குள் இருந்த ஒரு பெண், உடம்பு சுகமில்லாதவர், காலியான நாற்காலியைக் காட்டி, நான் வருகிறேன் என்கிறார்.

அந்தக் காலத்துக்கு இது ஒற்றை அதிசயமும் அல்ல. அலி சகோதரர்களின் தாய் பீ அம்மா, ஆபாதி பானு பேகம், கிலாபத் நிதிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். பீ அம்மாவுக்குத் தாய் என்ற தகுதி கைகொடுத்தது, முதுமை கைகொடுத்தது. இளம் மனைவிக்கு அந்த வழி இல்லை. சுலைகாவின் கடிதம் ஒரு வீரப் பெண்ணின் தியாக மனம் என்று மெச்சப்பட்டது. அதை ஒரு வேலைக்கான விண்ணப்பமாக யாரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் கேட்டவர். ஒருமுறையேனும் கேட்டவர். 1922இல் அப்படி எழுதிய பெண்தான் 1959 நூலில் நோயும் மரணமுமாக மட்டும் நுழைகிறார். கணவரின் வாக்குமூலம் பாடமானது, மனைவியுடையது அடிக்குறிப்பானது.

ஆசாத்தின் எழுத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வேர் இருக்கிறது. எகிப்தில் காசிம் அமீன் 1899, 1900 ஆண்டுகளில் பெண் விடுதலை பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். அவற்றை மறுத்து ஃபரீத் வஜ்தி ஒரு நூல் எழுதினார். பெண்ணுக்கு வீடே இயற்கை விதித்த வெளி என்ற வாதம். இளம் ஆசாத் அந்த மறுப்பு நூலைத்தான் ‘முஸல்மான் ஔரத்’ என்று உருதுவில் தந்தார். பரம்பரை நம்பிக்கைகளிலிருந்து விடுதலை பெற்றதாகப் பெயர் சூடிக்கொண்டவர், காசிம் அமீனை விட்டுவிட்டு வஜ்தியைத் தேர்ந்தார். பிற்காலத்தில் கல்வி அமைச்சராகப் பெண் கல்விக்கு அவர் ஆதரவாக நின்றதும் உண்மை. ஒரு மனிதர் வளர்வார். ஆனால் சுலைகா மணவாழ்வைத் தொடங்கியது ‘முஸல்மான் ஔரத்’ எழுதியவரோடு. அதே நாட்களில் போபாலில் தலைமுறை தலைமுறையாகப் பேகம்கள் நாடாண்டார்கள். அவர்களில் கடைசியானவரான சுல்தான் ஜஹான் பேகம் 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் ஆனார். மார்க்கத்துக்குள்ளேயே வேறு வழி கண்ணெதிரே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கோட்டைக்கு வெளியே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 9 காலையில் தலைவர்கள் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, பம்பாய் கவாலியா மைதானத்தில் கொடியை ஏற்றியவர் அருணா ஆசப் அலி. அவர் கணவர் ஆசப் அலி அகமதுநகரில் ஆசாத்தோடு இருந்தார். கிருபளானியும் உள்ளே இருந்தார், சுசேதா கிருபளானி வெளியே தலைமறைவாக வேலை செய்தார். உஷா மேத்தா ரகசிய வானொலி நடத்தினார். கோட்டைக்குள் நேரு ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ எழுதினார், ஆசாத் தேநீரையும் சிட்டுக்குருவிகளையும் பற்றி அற்புதமான உருதுவில் எழுதினார். போரின் அந்த மூன்றாண்டில் தலைமை என்பது இருந்த இடம் எது? பட்டியலில் பெயர் ஆண்களுடையது, தெருவில் கால் பெண்களுடையது. சுலைகா இருபது வருடம் முன்பு கேட்டது அருணாவும் உஷாவும் செய்த வேலையைத்தான். அப்போது அவருக்கு வழிவிட்டிருந்தால் என்ற எண்ணம் வரத்தான் செய்கிறது.

இப்போது இதை எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டோம். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு அரசியலறிவியல் நூலில், அரசியல் நிர்ணய சபைக் குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் பற்றிய வரியிலிருந்து ஆசாத்தின் பெயர் காணாமல் போனது. முஸ்லிம் தலைவரைப் பாடத்திலிருந்து எடுக்கிற காலத்தில், அவர் வீட்டுக்குள் குறை தேடுவது யாருக்கு உதவும்? கடையநல்லூர்த் தோழிதான் இதற்கும் பதில் சொன்னார். “அவுஹ பேரை எடுத்ததுக்காக நாம இவுஹ பேரைச் சொல்லாம இருக்கணுமா? ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுவோம்.” பெயர் நீக்குகிறவர்களுக்குச் சுலைகாவைப் பற்றி எந்த அக்கறையும் கிடையாது. முஸ்லிம் பெண்ணின் துயரத்தைத் தங்கள் வாதத்துக்கு இரவல் வாங்குகிறவர்கள் 1922 கடிதத்தை எடுத்துக் காட்டமாட்டார்கள். அதில் வருகிற பெண் அவர்களுக்குப் பயன்படாத பெண்.

‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ நூலுக்கு ஒரு மர்மம் உண்டு. முப்பது பக்கங்களை உறையிலிட்டு முத்திரை வைத்து, முப்பது ஆண்டு கழித்துத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார் ஆசாத். 1988இல் உறையைத் திறந்தார்கள். பத்திரிகைகள் பரபரத்தன. நேருவைப் பற்றி என்ன, படேலைப் பற்றி என்ன, கிருஷ்ண மேனனைப் பற்றி என்ன. நாடு முப்பது வருடம் காத்திருந்தது ஆண்கள் ஆண்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள. உறையில் இல்லாதது எது என்று கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.

1942 ஆகஸ்ட் 3 அன்று பம்பாய்க்குக் கிளம்பியபோது சுலைகா வாசல்வரை வந்து வழியனுப்பினார். 13ஆம் தேதிக்குள் திரும்பிவிடுவேன் என்றார் ஆசாத். ‘குதா ஹாஃபிஸ்’ என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை என்று கடிதத்தில் இருக்கிறது. சொல்ல நினைத்தாலும் முகத்தில் இருந்ததைவிட அதிகம் சொல்லியிருக்க முடியாது என்கிறார். எத்தனையோ பிரிவுகளில் அவரை அப்படிக் கலங்கிப் பார்த்ததில்லையாம். அப்போது அதை உடல் பலவீனம் என்று எண்ணினாராம். 36 ஆண்டு மணவாழ்வு அந்த வாசலில் முடிந்தது.

1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பியபோது ஹௌராவில் பெருங்கூட்டம், பேண்டு வாத்தியம். அதை நிறுத்தச் சொன்னார். பாலத்தைக் கடக்கையில் அந்த வாசல் நினைவுக்கு வந்ததாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். நினைவுக்கு ஒரு வேர்ட்ஸ்வொர்த் கவிதையும் வருகிறது. வீட்டுக்குப் போகும் முன் கல்லறைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். கூட்டம் போட்ட மாலைகளால் கார் நிறைந்திருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து அங்கே வைத்துவிட்டு, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார்.